யென் வீட்டு வாசலில் சிவப்புத் துணி

என் தம்பி மிங்-தேயின் கல்யாணத்துக்குக் கொடுத்த சிவப்பு அழைப்பிதழ்களில் நாற்பத்தொன்று திரும்பி வந்தன. காலையில் அம்மா கதவைத் திறந்தபோது வாசற்படியில் அடுக்காக இருந்தன, காற்றில் பறந்துவிடாமல் மேலே ஒரு சிப்பி ஓட்டைப் பாரமாக வைத்து. வைத்தவர் யாரோ நல்ல ஒழுங்குக்காரர். கடல் பக்கத்து வீடுகளின் அட்டைகள் ஒரு கட்டு, கோயில் பக்கத்து வீடுகளின் அட்டைகள் இன்னொரு கட்டு.

தம்பி எனக்குத் தந்தி அடித்தான். உடனே வா, எல்லாம் உன்னால்தான் என்று மட்டும் இருந்தது. தன் பெயர் போடக்கூட அவன் காசு செலவழிக்கவில்லை.

எனக்கு அப்போது முப்பது வயது. தைபேயில் பாடப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கதை எழுதுவேன். பத்து வருஷத்தில் பதினேழு கதைகள் அச்சில் வந்திருந்தன. பெண் எழுதினால் மழையும் குடையும் பிரிந்து போன காதலனும் இருக்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் எதிர்பார்த்த காலம் அது. ஓர் ஆசிரியர் என் கதையைத் திருப்பித் தந்து, மழை இருக்கட்டும், மீன் நாற்றம் வேண்டாமே என்றார். அவருக்கு நான் மறுபடி எதுவும் அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் நாற்றம்தான்.

ஊரைக் கிளப்பிவிட்ட கதை ஒரு நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் ஐந்து நாள் தொடராக வந்தது. புயல் அடிக்கிற ஒரு நாள். கடலோர ஊர். சிப்பி வளர்க்கிற ஒரு பணக்கார வீடு. மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. மாமியார் மருமகளைச் சட்டியால் அடித்து வெளியே தள்ளி, கூடை சுமக்கிற மூங்கில் கட்டையைக் குறுக்கே கொடுத்துக் கதவை அடைத்துவிடுகிறாள். ராத்திரி முழுக்க மருமகள் கதவைத் தட்டுகிறாள். மறுநாள் அவள் உடல் சிப்பி வளர்க்கக் கடலில் நட்ட மூங்கில் சட்டங்களுக்கு நடுவே கிடைக்கிறது. ஊருக்குப் பெயர் இல்லை, வீட்டுக்குப் பெயர் இல்லை, மாமியாருக்கும் பெயர் இல்லை. ராணுவச் சட்டம் நடக்கிற நாட்டில் எழுதிப் பழகியவள் நான். பெயர் போடாமல் எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அரசாங்கத்து ஆள் ஒருவர் கதையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு, அது யென் வீடு என்பது உட்பட, எல்லாம் அகப்பட்டுவிட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோதே தெரிந்தது. சிப்பி உடைக்கிற கொட்டகைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டுக் கத்தியை நிறுத்தினார்கள். நான் கடந்ததும் மறுபடி உடைக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மட்டும் முக்காட்டுத் துணியைக் கீழே இழுத்துக்கொண்டு, நல்லா எழுதுற கையாம், சிப்பி உடைக்கத்தான் வராது என்று பக்கத்தில் இருந்தவளிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். முடி வெட்டுகிற பான், ஐந்து நாள் கதையையும் கத்தரித்துத் தன் கடைக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருந்தான். தலையைக் கொடுத்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவனே வாசித்துக் காட்டினான். கதையில் வருகிற நொண்டி வாத்து தன் வாத்து என்று ஒருவர் சண்டைக்கு வந்தாராம். பனிக்கட்டி விற்கிறவர் ஒருவர், தன் வண்டியைப் பற்றி ஒரு வரி வந்திருக்கிறது, தன்னைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று கோபித்துக்கொண்டாராம். இவ்வளவு கவனமாக என்னைப் படித்த வாசகர்கள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

அம்மா வாசலில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்காமல் இருப்பது அடிக்கிறதைவிட மோசம்.

தம்பிதான் பேசினான். பெண் வீட்டார் லூகாங் ஊரில் நல்ல குடும்பம். ஊரே ஒதுக்கி வைத்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று தரகர் மூலம் சொல்லிவிட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு இருபது மேஜை விருந்து, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் ஊர் சமாதானமாக வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் நின்றது.

சமாதானத்துக்கு எங்கள் ஊரில் ஒரே வழிதான். ஒரு வீட்டைப் பழித்தவர், பழிக்கப்பட்ட வீட்டின் வாசல் நிலைக்கு மேலே தன் கையாலேயே சிவப்புத் துணி கட்ட வேண்டும். பட்டாசுச் சரம் வெடிக்க வேண்டும். கூடி நிற்கிறவர்களுக்குச் சிகரெட்டும் பாக்கும் கொடுக்க வேண்டும். கடலில் போகிறவர்களைக் காக்கும் மாசூ அம்மன் கோயில் முன்னால் ஒரு மத்தியானம் பொம்மலாட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. நாங்கள் வழக்குக்குப் போகிற ஜனங்கள் இல்லை.

"துணி வாங்கி வச்சிருக்கேன்," என்றான் தம்பி. "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கோயில்ல கூடுறாங்க. யென் வீட்டுக்காரங்க வருவாங்க. நீ வந்து தலைய ஆட்டிட்டு, போய்க் கட்டிட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போய்க்கிட்டே இரு. கல்யாணத்துக்குக்கூட இருக்க வேணாம்."

"கட்ட மாட்டேன்," என்றேன்.

"ஏன்க்கா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

அவன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணியதில்லை. அவனுக்குப் புரியும்படி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துணியைக் கட்டினால் நான் எழுதியது பொய் என்று ஆகும். பொய் என்றால், சுன்-மேய் தானாகப் போய்த் தண்ணீரில் விழுந்தவள் ஆவாள்.

சுன்-மேய் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மூன்று வயதில் யென் வீட்டில் அவளை வருங்கால மருமகளாக எடுத்து வந்து வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். வளர்ந்ததும் அந்த வீட்டு மகனுக்கே கட்டி வைப்பார்கள். பெற்றவர்கள் எந்தத் தீவில் இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. யென் வீட்டுக் கடைசிக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள். என் கணக்கைப் பார்த்து எழுதுவாள். அதற்குப் பதிலாக, காசு இல்லாத குறைக்கு, எனக்குப் பொய் சொல்லுவாள். எலும்பு நிறைந்த படகு, பேசுகிற நண்டு, மாமியாரை விழுங்கின திமிங்கிலம். நன்றாகப் பொய் சொல்லுவாள். நான் அவ்வளவு நன்றாக இன்றுவரை சொன்னதில்லை. ஆறாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள். நான் மேலே படித்துத் தைபேக்குப் போனேன். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது வருஷம் இருந்தபோது ஒரு புயலுக்கு மறுநாள் அவளைச் சிப்பிச் சட்டங்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். சட்டங்கள் காற்றைத் தாங்குமா என்று பார்க்கப் போனாள், அலை இழுத்துவிட்டது என்று யென் வீட்டில் சொன்னார்கள். ஊரும் சொன்னது. அம்மாவும் எனக்குக் கடிதத்தில், அடுத்த வீட்டுப் பையனைவிட்டு எழுதச் சொல்லி, அதையே சொல்லியிருந்தார்.

நான் நம்பவில்லை. புயலில் கடலுக்குப் போகிற பைத்தியம் இல்லை அவள். ஆனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் மனதில் போட்டு உருட்டினேன். கடைசியில் ஒரு கதவும் ஒரு மூங்கில் கட்டையும் நானே செய்து வைத்துக் கதையை எழுதினேன். இட்டுக்கட்டினது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இட்டுக்கட்டினதற்கு எதற்கு இவர்களுக்கு இத்தனை ஆத்திரம் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் கோயிலுக்குப் போக ஒப்புக்கொண்டேன். தம்பி நான் இறங்கி வந்துவிட்டதாக நினைத்து எனக்கு ஒரு கிண்ணம் சிப்பிச் சேமியா கொண்டுவந்து வைத்தான். அதைத் தின்றுவிட்டு அவனை ஏமாற்றினேன்.

மறுநாள் கோயில் முற்றத்தில் திருவிழாக் கூட்டம். மாசூ அம்மனுக்கு முன்னால் கோயில் நிர்வாகி ஷியாவ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் யென் சோங்-யுவான்; சுன்-மேயின் புருஷனாக இருந்தவன். அவள் செத்த அடுத்த வருஷமே வேறு கல்யாணம் செய்து இப்போது மூன்று பிள்ளை. பக்கத்தில் அவன் அம்மா, அறுபதைத் தாண்டியவள், சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. பாதி ஊர் அவர்களுடைய சிப்பியைத்தான் உடைத்தது. என் அம்மாவும்தான். அம்மா தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக நின்றார். தம்பி கையில் சிவப்புத் துணி, மடித்து, காகிதத்தில் சுற்றி.

ஷியாவ் என்னைப் பார்த்து, படித்த பெண்ணுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் சொன்னார். ஊரின் மானம், கடலின் தயவு, மறைந்த என் அப்பா எவ்வளவு நல்லவர், எல்லாம் வந்தது. கடைசியில், துணியைக் கட்டுகிறாய் அல்லவா என்று கேட்டார்.

"கட்டறேன் ஐயா. எந்த வாசல்ல?"

கூட்டம் சிரித்தது. ஷியாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கதைல ஒரு வீட்டுப் பேரும் இல்ல," என்றேன். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? பழி விழுந்த வீட்டுக்காரங்க அம்மன் முன்னால நின்னு, இது எங்க வீடுதான், இன்னின்னது பொய்யின்னு சொல்லணும். சொல்லட்டும். உடனே கட்டிடறேன்."

இது முறைதான். தவறான வாசலில் சிவப்புத் துணி கட்டினால் பழி அங்கே ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. எங்கள் வீடுதான் என்று சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். இல்லை என்று சொன்னால் துணியே வேண்டாம். தைபேயில் கற்ற சாமர்த்தியம்.

யென் சோங்-யுவான் எழுந்தான். பெரிய உடம்பு, கோபத்தில் காது வரைக்கும் சிவந்திருந்தது. பான் கடையிலிருந்து கிழித்து வந்த பத்திரிகைத் துண்டு ஐந்தும் அவன் கையில் இருந்தன.

"எங்க வீடுதான்," என்றான். "ஊருக்கே தெரியும், அம்மனுக்கும் தெரியும். இவ எழுதினது அத்தனையும் பொய். மூங்கில் கட்டைய வச்சுக் கதவ அடைச்சோமாம். எங்க வீட்டுக் கதவுக்கு எதுக்குய்யா மூங்கில் கட்டை? இரும்புத் தாழ்ப்பாள் இருக்கு. தாழ்ப்பாள்தான் போட்டோம்."

யாரோ ஆமாம் என்றார்கள்.

"ராத்திரி முழுக்கத் தட்டினாளாம். அதுவும் பொய். மத்தியானத்துல இருந்து நாலு மணி வரைக்கும்தான். எங்கம்மா சட்டிய எடுத்து அவள அடிச்சாங்களாம். அடிக்கவே இல்ல. கைய வச்சுத் தள்ளினாங்க, அவ்வளவுதான்."

நான் செய்து வைத்த கதவு உண்மையாகவே இருந்திருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாளும் இருந்திருக்கிறது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். கேட்டீர்களா, இப்போது கேட்டீர்களா என்று அவர்களிடம் கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஒருவர் முகமும் மாறவில்லை. யென் சோங்-யுவான் உளறிவிட்டதாக யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. ஒரு கணக்கில் இருந்த தப்பை அவன் சரியாகத் திருத்தியது போலத்தான் எல்லோரும் தலையாட்டினார்கள். முடி வெட்டுகிற பான் முன்னால் வந்தான்.

"நாலு மணி இல்லண்ணே, நாலரை இருக்கும்," என்றான். "எங்க கதவத் தட்டறப்ப நான் கடிகாரத்தப் பாத்தேன்."

"எங்க வீட்டுக்கு அதுக்கு முன்னாடியே வந்துட்டா," என்றாள் ஒரு பெண். காற்றுக்குக் கதவின் மேல் பலகை அடித்திருந்தோம், எப்படிப் பிடுங்குவது என்றாள். அவள் சொன்னதில் வருத்தம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. வாத்துக்காரர், தன் வீட்டில் வாத்துகள் கத்தின, ஆள் என்று நினைக்கவில்லை என்றார். ஒருவர் நேரத்தைத் திருத்த, இன்னொருவர் தெருவைத் திருத்த, என் கண் முன்னாலேயே சுன்-மேய் புயலில் வீடு வீடாக நடந்தாள். கடல் பக்கத்து வீடுகள் ஒரு கட்டு, கோயில் பக்கத்து வீடுகள் ஒரு கட்டு. என்னிடம் யாருக்கும் ஒளிவு மறைவு இல்லை. அவர்களுக்கு வலித்தது அது நடந்ததல்ல, ஊர் முழுக்கத் தெரிந்த அதை ஒருத்தி பத்திரிகையில் போட்டதுதான்.

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "தெரிஞ்சும் அவ தானா போய் விழுந்தான்னு சொல்லியிருக்கீங்க. நான் துணி கட்டணுமா? நீங்க கட்டுங்க. அவ சமாதியில போய்க் கட்டுங்க. நான் கட்ட மாட்டேன். நான் எழுதினதுல கட்டைக்குப் பதிலா தாழ்ப்பாள்னு மட்டும் மாத்திட்டு மறுபடியும் போடுறேன். இந்த முறை பேரோட போடுறேன்."

தம்பி என் கையைப் பிடித்தான். உதறினேன். ஷியாவ் எழுந்து நின்று ஏதோ சொன்னார்; கூட்டம் கத்தியதில் கேட்கவில்லை. யாரோ செருப்பை எடுத்தார்கள். எனக்குப் பயமே இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு சரியாக நான் என்றும் இருந்ததில்லை என்று தோன்றியது. அது ஒரு நிமிஷம் நீடித்திருக்கும்.

யென் வீட்டுக் கிழவி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். சத்தம் அடங்கியது.

"சாத்தினேன்," என்றாள். "என் கதவு, நான் சாத்தினேன். காலைல இருந்து என்னை எதிர்த்துப் பேசினா, கோவம் வந்துச்சு, வெளிய தள்ளினேன். நாலு வீடு சுத்திட்டு வந்து மன்னிப்புக் கேட்பான்னு நெனச்சேன். வரல. நீ எழுது. எம் பேரப் போட்டே எழுது. எனக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?" பிறகு என்னை விட்டுத் தூணின் பக்கம் பார்த்தாள். "ஆனா எழுதறப்ப வரிசையா எழுது. கடைசியா எந்த வாசல்ல நின்னா, அதையும் எழுது. மாடி ஜன்னல்ல இருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மத்த வீட்டுல ஒரு தட்டு, ரெண்டு தட்டு. அந்த வாசல விட்டு மட்டும் அவ நகரவே இல்ல. உங்கம்மாவக் கேளு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அழவும் இல்லை. சிப்பி உடைத்து உடைத்து வெடித்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, தட்டினாளா?" என்று கேட்டேன்.

"தட்டினா," என்றார்.

கோயிலில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இதுவும் அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பதினோரு வருஷம் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதை மரியாதை என்று வைத்துக்கொள்வதா, கையில் வைத்திருந்த கல் என்று வைத்துக்கொள்வதா? நான் அவர்களுடைய கதவை எழுதின பிறகும், நாற்பத்தொரு அட்டைகளைத் திருப்பித் தந்த பிறகும்கூட, கிழவி வாயைத் திறக்கும் வரைக்கும் யாரும் அதை எடுத்து என் மேல் எறியவில்லை. அந்த ஊரை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது நான் பேரோடு போடுவேனா என்று பார்த்தார்கள். யென் என்று போடலாம். பான் என்று போடலாம். பிறகு வெய் என்று போட வேண்டும். அது எங்கள் குடும்பப் பெயர். மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். கட்டத்துக்குள் அந்த எழுத்து போகவே இல்லை.

தம்பியிடம் கையை நீட்டினேன். அவன் காகிதத்தைப் பிரித்துத் துணியைக் கொடுத்தான்.

யென் வீடு கோயிலிலிருந்து ஐம்பது தப்படி. கூட்டம் பின்னால் வந்தது. ஏணியைப் பான் பிடித்துக்கொண்டான். நான் ஏறினேன். நிலைக்கு மேலே இரண்டு ஆணி ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள். நான் கட்டுவேன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருந்திருக்கவில்லை. இடது ஆணியில் ஒரு முடிச்சு, வலது ஆணியில் ஒரு முடிச்சு. கதவில் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. உண்மைதான். நல்ல கனமான தாழ்ப்பாள். பட்டாசு வெடித்தது. சிகரெட் பெட்டியையும் பாக்குப் பொட்டலத்தையும் நான் ஒவ்வொருவராக நீட்டினேன். ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கிழவி எனக்குச் சர்க்கரை போட்ட தேநீர் கொண்டுவரச் சொன்னாள். அதைக் குடித்தால்தான் மன்னிப்பு முடியும். குடித்தேன்.

"ஒல்லியாயிட்டடி," என்றாள் கிழவி. "தைபேல சாப்பாடு சரியில்லையா?"

கல்யாணம் நடந்தது. நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். இருபது மேஜை போதாமல் இன்னும் இரண்டு போட்டோம். நண்டுச் சோறு வந்தபோது பனிக்கட்டி விற்கிறவர் என் மேஜைக்கு வந்து கோப்பையை உயர்த்தி, அடுத்த கதையில் தன்னை மறந்துவிடக் கூடாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி அன்று முழுக்க என்னை அக்கா அக்கா என்று கூப்பிட்டான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூடை நிறைய யென் வீட்டுச் சிப்பி. கத்தியை நிறுத்தாமல் உடைத்துக்கொண்டிருந்தார். ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அம்மாவே சொன்னார்.

"அந்த வீட்டு மருமகள உள்ள விட்டிருந்தா அந்த வீட்டு வேலை போயிருக்கும். அந்த வருஷம் உனக்கு ரெண்டாவது வருஷப் படிப்பு. வேற யாராவது திறப்பாங்கன்னு நெனச்சேன். இத்தன வீடு இருக்கே."

அம்மா இன்னும் நான்கு சிப்பி உடைத்தார்.

"என்னக் கூப்பிட்டிருந்தா திறந்திருப்பேனோ என்னவோ," என்றார். "ஆ-லுவான், ஆ-லுவான்னு உன்னத்தான் கூப்பிட்டா. நீ இங்க இல்லன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் உன் பேரத்தான் சொல்லிச் சொல்லித் தட்டினா. நான் உள்ள இருந்து என்னன்னு பதில் சொல்றது?"

அடுத்த வருஷம் என் முதல் தொகுப்பு வந்தது. பதினாறு கதைகள். ஊருக்குப் பயந்து அந்தக் கதையை எடுத்துவிட்டாள் என்று ஒரு விமர்சகர் எழுதினார். நான் மறுக்கவில்லை. ஊர் சொன்னதும் சரிதான், அந்தக் கதை பொய். அதில் ஒரே ஒரு வீட்டுக் கதவுதான் சாத்தியிருக்கிறது.